கான் நகரத்து வில்லாவும் புதுக்கோட்டை மன்னரும்

புதுக்கோட்டை சமஸ்தானத்தை ஆண்ட தொண்டைமான் மன்னர்களுள் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் (1875–1928) தனித்த இடம் பெறுபவர். 1886இல் பட்டத்துக்கு வந்து 1928இல் இறக்கும்வரை மன்னர் பட்டம் அவரிடமே இருந்தது. ஆனால் அந்த 42 ஆண்டுகளில் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் புதுக்கோட்டையில் வாழவில்லை. சிட்னி, லண்டன், பாரிஸ் எனத் தங்கி, இறுதியில் பிரான்சின் தென்கடற்கரையில் உள்ள கான் என்னும் உல்லாச நகரில் வில்லா ஒன்றை வாங்கிக் குடியேறினார். சூதாட்ட அரங்கங்களாலும் பெரிய ஓட்டல்களாலும் பெயர்பெற்ற நகரம் அது. இன்று ஆண்டுதோறும் திரைப்பட விழா நடக்கும் அதே கான்தான். அந்த விழா தொடங்கியது 1946இல். மன்னரின் காலத்துக் கான் வேறு காரணங்களுக்காகப் புகழ்பெற்றிருந்தது.

ஒரு சமஸ்தானத்தின் அரசர் ஏன் சொந்த அரண்மனையில் வாழாமல் வெளிநாட்டுக் கடற்கரையில் வாழ்ந்தார்? அந்த வாழ்க்கைக்கு யார் பணம் கொடுத்தார்கள்? இந்த இரு கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை புரியும். காதல் கதையாக மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

சேஷய்ய சாஸ்திரி விட்டுச்சென்ற சமஸ்தானம்

மார்த்தாண்ட பைரவர் இராமச்சந்திரத் தொண்டைமானின் மகள் வயிற்றுப் பேரன். தாத்தாவால் சுவீகாரம் எடுக்கப்பட்டவர். இராமச்சந்திரர் காலத்தில் அரண்மனைச் செலவும் கடனும் மிகுந்து, ஆங்கிலேயர் அவரைத் தண்டிக்கும் அளவுக்குச் சென்றிருந்தது. 1878இல் ஏ. சேஷய்ய சாஸ்திரி நிர்வாகத் தலைமைக்கு வந்த பிறகுதான் நிலைமை சீரானது. புதுக்கோட்டை நகரின் நேரான தெருக்களும் குளங்களும் அலுவலகக் கட்டிடங்களும் பெருமளவு அவர் காலத்துத் திருத்தங்களே. மார்த்தாண்ட பைரவர் பட்டத்துக்கு வந்தபோது வயது பதினொன்றுகூட நிறையவில்லை என்பதால் சாஸ்திரியே 1894வரை ரீஜன்டாக இருந்தார். சிறுவனுக்கு ஆங்கிலேய ஆசிரியர் ஒருவர் அமர்த்தப்பட்டார். குதிரையேற்றம், கிரிக்கெட், ஆங்கில உடை, ஆங்கிலப் பேச்சு எல்லாம் அந்தப் பயிற்சியில் வந்தவை.

1894 நவம்பர் 27இல், பத்தொன்பதாம் பிறந்தநாளன்று, அவருக்கு முழு ஆட்சி உரிமை வந்தது. அவர் ஒன்றும் செய்யாத மன்னர் அல்லர். 1902இல் பிரதிநிதித்துவ சபை ஏற்பட்டது. 1910இல் திருக்கோகர்ணத்தில் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. இந்த இரண்டையும் சொல்லாமல் அவரை வெறும் ஊர்சுற்றி மன்னராக எழுதுவது நியாயமல்ல. ஆனாலும் ஐரோப்பியப் பயணங்கள் நீண்டுகொண்டே போயின. உள்ளூரில் திருமணம் செய்துகொள்ள அவர் இசையவில்லை. நாற்பதை நெருங்கும் வரை வாரிசில்லாத மன்னராகவே இருந்தார்.

சிட்னியில் ஓர் ஓட்டல்

1915இன் தொடக்கத்தில் அவர் ஆஸ்திரேலியாவில் இருந்தார். முதல் உலகப் போரால் ஐரோப்பா மூடிக்கிடந்த நேரம். சிட்னியின் காசில்ரே தெருவில் 1891இல் திறக்கப்பட்ட 'ஓட்டல் ஆஸ்திரேலியா' அந்நகரின் மிகப் பெரிய ஓட்டலாக இருந்தது. அங்கே மெல்போர்னைச் சேர்ந்த மோலி ஃபிங்க் என்னும் இருபது வயதுப் பெண் தன் தாயுடன் தங்கியிருந்தார். தந்தை வழக்கறிஞராக இருந்தவர். மன்னருக்கு அப்போது 39 வயது. அறிமுகம் ஓட்டலில் தொடங்கியது. 1915 ஆகஸ்டு 10இல் மெல்போர்னில் பதிவுத் திருமணமாக முடிந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியா 1901இல் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றி, வெள்ளையர் அல்லாதோர் வந்து குடியேறுவதைத் தடுத்திருந்தது. புதுக்கோட்டையின் சாதாரணக் குடிமகன் ஒருவன் சிட்னித் துறைமுகத்தில் இறங்கியிருந்தால் திருப்பி அனுப்பப்பட்டிருப்பான். மன்னருக்கோ அந்த ஊரின் முதல் தர ஓட்டலில் அறை கிடைத்தது. பட்டமும் பணமும் தோல் நிறத்தைக் கொஞ்சம் மறைத்தன. முழுவதும் மறைக்கவில்லை என்பது திருமணத்துக்குப் பின் தெரிந்தது.

அதே ஆண்டுகளில் அவருடைய குடிமக்கள் எங்கே தங்கினார்கள் என்பதையும் பார்க்கலாம். புதுக்கோட்டைப் பகுதியின் வறண்ட கிராமங்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். கப்பலேறும் முன் அவர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டு, நோய் இல்லை என்று சோதிக்கப்பட்டார்கள். இலங்கை செல்வோருக்கான மண்டபம் முகாம் அத்தகையது. கடல் கடந்த பின் தங்கியது 'லயன்' என்று அழைக்கப்பட்ட நீளமான வரிசை வீடுகளில், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை.

சமஸ்தானத்தின் இன்னொரு வகைக் குடிமக்கள் நகரத்தார். இராயவரம், அரிமளம், கோனாபட்டு, கடியாபட்டி முதலிய ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வட்டித் தொழிலுக்குப் போனவர்கள். அவர்கள் தங்கிய இடத்தின் பெயர் கிட்டங்கி. ஒரே நீண்ட கூடம். அதில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு சிறு பகுதி, ஒரு பெட்டி, எழுதும் சாய்மேசை. பகலில் அலுவலகம், இரவில் பாயை விரித்தால் படுக்கை. சமையலும் சாமி கும்பிடுவதும் பொது. ஊரில் அவர்கள் கட்டிய பெரிய வீடுகளிலும் இதே ஏற்பாடுதான். வளவைச் சுற்றி மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, தனி உலை. முகப்பும் வளவும் எல்லாப் பங்காளிகளுக்கும் பொது. அறை தனக்கு, கூடம் எல்லோருக்கும் என்னும் இந்த முறையை இன்றைக்கு 'காண்டோ' ஓட்டல் என்று புதுப்பெயரில் விற்கிறார்கள்.

அரளியும் அரண்மனையும்

1915இன் பிற்பகுதியில் மன்னரும் மோலியும் புதுக்கோட்டை வந்து சேர்ந்தார்கள். அங்கே தங்கியது சில மாதங்கள் மட்டுமே. மோலிக்கு 'மாட்சிமை தங்கிய' என்னும் மரியாதைப் பட்டத்தைத் தர ஆங்கில அரசு மறுத்தது. மன்னர் ஐந்தாம் ஜார்ஜே இத்திருமணத்தை விரும்பவில்லை. சென்னை மாகாணத்து வெள்ளை அதிகாரிகளின் குடும்பங்கள் ஒதுங்கிக்கொண்டன. அரண்மனை உறவினர்களுக்கோ வேற்றுநாட்டு, வேற்று மதத்துப் பெண்ணின் பிள்ளை தொண்டைமான் பட்டத்துக்கு வருவது சகிக்க முடியாததாக இருந்தது. மோலி கருவுற்றிருந்த நேரத்தில் அவருக்கு அரளி நஞ்சு கொடுக்க முயற்சி நடந்ததாக இவ்விருவரின் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியுள்ளனர். வீட்டு வேலியிலும் கோயில் நந்தவனத்திலும் பூக்கும் அதே அரளி.

1916 ஏப்ரலில் இருவரும் புறப்பட்டார்கள். அந்த ஆண்டு ஜூலை 22இல் சிட்னியில் ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த ஊரின் பெயரையே சேர்த்து மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயரிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் மன்னர் பந்தயக் குதிரைகள் வைத்திருந்தார். போர் முடிந்தபின் குடும்பம் லண்டன் சென்றது.

மகனைப் பட்டத்து இளவரசனாக ஏற்க ஆங்கில அரசு கடைசிவரை இசையவில்லை. ஊருக்குத் திரும்பினால் மனைவிக்கும் மகனுக்கும் மதிப்பில்லை, திரும்பாவிட்டால் ஆட்சியில்லை. 1920களின் தொடக்கத்தில் உடன்பாடு ஏற்பட்டது. மன்னர் பட்டம் அவரிடமே இருக்கும். ஆட்சிப் பொறுப்பை அவருடைய சகோதரர் இரகுநாத பல்லவராயர் துரைராஜா 1922 முதல் ரீஜன்டாக ஏற்பார். மன்னருக்குப் பண ஏற்பாடு செய்யப்படும். அந்தப் பணத்தின் துணையோடு வாங்கப்பட்டதுதான் கான் நகரில் உள்ள 'லா ஃபாவோரித்' என்னும் வில்லா.

கான்: ஊர் எப்படி உல்லாச நகரமானது

1834க்கு முன் கான் ஒரு மீன்பிடி ஊர். அந்த ஆண்டு இங்கிலாந்துப் பிரபு புரூம் இத்தாலிக்குப் போகும் வழியில், காலரா அச்சத்தால் எல்லை மூடப்பட்டதால் இங்கே தங்க நேர்ந்தது. ஊர் பிடித்துப்போய் வீடு கட்டினார். அவரைப் பின்பற்றி ஆங்கிலப் பிரபுக்கள் குளிர்காலத்தைக் கழிக்க வரத் தொடங்கினர். அக்காலத்தில் இக்கடற்கரைக்குக் கூட்டம் வந்தது குளிர்காலத்தில்தான். கோடை வந்தால் ஓட்டல்கள் கதவடைத்துவிடும்.

சற்றுக் கிழக்கே மொனாக்கோவில் வேறொரு கதை நடந்தது. சிறு நிலப்பரப்பும் வெறும் கஜானாவும் கொண்ட அந்நாட்டின் அரசர் மூன்றாம் ஷார்ல், 1863இல் பிரான்சுவா பிளாங்க் என்பவரிடம் சூதாட்ட உரிமையைக் கொடுத்தார். மான்டி கார்லோ உருவானது. வருமானம் கொட்டியதால் 1869இல் தன் குடிமக்களுக்கு வருமான வரியையே ரத்துசெய்தார் அரசர். மொனாக்கோக் குடிமக்கள் அந்தச் சூதாட்ட மேசையில் உட்காரத் தடை உண்டு. வெளியூர்க்காரர் தோற்றால் போதும் என்பது கணக்கு.

பிரான்சில் 1907ஆம் ஆண்டுச் சட்டம் கடற்கரை ஊர்களிலும் ஊற்றுநீர் ஊர்களிலும் சூதாட்ட அரங்கு நடத்த அனுமதி தந்தது. அதே ஆண்டு கான் நகராட்சிச் சூதாட்ட அரங்கு திறக்கப்பட்டது. ரூலெட் சக்கரம் மட்டும் 1933வரை மொனாக்கோவின் தனியுரிமை போலவே இருந்தது. கானில் பக்கராட் சீட்டாட்டம்தான் பெரிய ஆட்டம். சில ஆண்டுகளில் கடற்கரைச் சாலையில் கார்ல்டன் ஓட்டல் எழுந்தது. 1926இல் மஜெஸ்திக், 1929இல் மார்த்தினே. கலே துறைமுகத்திலிருந்து இரவோடிரவாக ஆட்களைக் கொண்டுவந்த 'நீல ரயில்' 1922இன் இறுதியில் ஓடத் தொடங்கியது. 1926 பிப்ரவரியில் கார்ல்டன் டென்னிஸ் களத்தில் பிரான்சின் சுசான் லாங்லெனும் அமெரிக்காவின் ஹெலன் வில்சும் மோதிய ஆட்டத்தைப் பார்க்கப் பட்டமுள்ள, பட்டமிழந்த அரச குடும்பத்தினர் பலர் திரண்டனர். 6–3, 8–6 என லாங்லென் வென்றார். போருக்குப் பின் நாடிழந்த மன்னர்களுக்கும் நாட்டைவிட்டு வந்த பிரபுக்களுக்கும் அது பொருத்தமான ஊராக இருந்தது. அங்கே யாரும் யாரிடமும் 'ஏன் ஊருக்குப் போகவில்லை' என்று கேட்பதில்லை.

இந்தியர்கள் இக்கரைக்கு வந்ததும் புதிதல்ல. விக்டோரியா மகாராணி 1890களில் அருகிலுள்ள நீஸ் நகரில் குளிர்காலம் தங்கியபோது, அவருடைய இந்திய முன்ஷி அப்துல் கரீமும் உடன் வந்திருந்தார். மகாராணி தங்குவதற்கென்றே 1897இல் திறக்கப்பட்ட ரெஜினா ஓட்டல் பின்னாளில் நொடித்து, 1930களில் அறைகள் தனித்தனி வீடுகளாகப் பிரித்து விற்கப்பட்டன. ஓவியர் மத்தீஸ் 1938இல் அங்கே வீடு வாங்கிக் குடியேறினார். பெரிய ஓட்டல் துண்டு துண்டாக விலைக்குப் போய், வந்து தங்கியவர்களே உரிமையாளர்களான மாற்றம் இக்கரையில் பல ஓட்டல்களுக்கு நேர்ந்தது.

தங்கலின் கணக்கு

ஓட்டலில் தங்குபவன் விருந்தாளி. சொந்த வில்லா உள்ளவன் குடியிருப்பவன். மன்னர் ஓட்டலை விட்டு வில்லாவுக்கு மாறியது வசதிக்காக மட்டும் என்று தோன்றவில்லை. மனைவியை யாருக்கு முன்னும் தாழ்வாக நிறுத்தாமல் வைத்துக்கொள்ள அவருக்கென்று ஒரு வாசல் வேண்டியிருந்தது. புதுக்கோட்டை அரண்மனையில் கிடைக்காத அந்த வாசல் கானில் கிடைத்தது. இந்த அளவில் அவர்மீது அனுதாபம் கொள்ளாமல் இருக்க முடியாது. தன் மனைவியையும் மகனையும் ஏற்க மறுத்த பேரரசிடம் பட்டத்தின் அதிகாரத்தை விட்டெறிந்துவிட்டு அவர்களோடு இருந்தவர் அவர். பல சமஸ்தானாதிபதிகள் ஐரோப்பியப் பெண்களைச் சிலகாலம் வைத்திருந்து விலக்கியிருக்கிறார்கள். இவர் விலக்கவில்லை.

ஆனால் கணக்கின் மறுபக்கமும் உண்டு. புதுக்கோட்டை சுமார் 4 லட்சம் மக்கள் வாழ்ந்த சிறு சமஸ்தானம். ஆங்கிலேயருக்குக் கப்பம் கட்டாதது என்ற பெருமை உண்டு. பெரிய ஆறோ வளமான கழனியோ பெரிதாக இல்லை. மழை பெய்தால் கண்மாய் நிறையும், கண்மாய் நிறைந்தால் நெல். வருமானத்தின் பெரும்பகுதி நிலவரிதான். அந்தச் சமஸ்தானத்துக்கெனத் தனி நாணயம் இருந்தது: அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவமும் மறுபக்கம் 'விஜய' என்ற எழுத்தும் கொண்ட சிறு செப்புக்காசு. நவராத்திரியில் ஏழைகளுக்கு அரிசியோடு கொடுப்பதற்காகவும் அடிக்கப்பட்டது. ஓர் அணாவுக்கு இருபது அம்மன் காசு, ஒரு ரூபாய்க்கு 320. கானின் ஓட்டல் மேசையில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எத்தனை அம்மன் காசு என்று கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றும். மொனாக்கோவில் வெளியூர்க்காரன் இழந்த பணத்தில் உள்ளூர்க்காரன் வரியின்றி வாழ்ந்தான். புதுக்கோட்டையில் உள்ளூர்க்காரன் கட்டிய வரியில் மன்னர் வெளியூரில் வாழ்ந்தார்.

இன்னொரு முரணும் உண்டு. தொண்டைமான்களின் நாட்டின் வழியே இராமேசுவர யாத்திரைப் பாதை சென்றது. வழிநெடுகச் சத்திரங்கள் இருந்தன. சமஸ்தானமே சத்திரங்களை நடத்தியது. யாத்திரை வருபவன் காசில்லாமல் தங்கலாம், அன்னம் பெறலாம். எல்லோருக்கும் ஒரே பந்தி என்று இதற்குப் பொருளல்ல. பிராமணர்களுக்குத் தனிச் சமையலும் முதல் மரியாதையும் இருந்தன, தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்டோருக்குத் திண்ணைகூடக் கிடையாது. ஆனாலும் தங்குமிடம் தருவது அரசனின் கடமை என்னும் எண்ணம் அம்மண்ணில் ஊறியிருந்தது. அந்த மரபில் வந்தவர் தானே தங்குமிடம் தேடி ஊர் ஊராகப் போனார். சாதி பார்த்து அறை தந்த சத்திரத்தின் சொந்தக்காரர், இனம் பார்த்து மரியாதை தந்த உலகத்தில் மாட்டிக்கொண்டார் என்றும் சொல்லலாம்.

நீல ரயிலில் படுத்துக்கொண்டே கான் வந்து சேர முடிந்த அக்காலத்தில் புதுக்கோட்டைக்கு ரயிலே கிடையாது. திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்குத் தண்டவாளம் 1929இல்தான் வந்தது. மன்னர் அதைப் பார்க்கவில்லை.

பாரிஸ், லண்டன், புதுக்கோட்டை

1928 மே 28இல் மார்த்தாண்ட பைரவர் பாரிசில் இறந்தார். வயது 52. உடலைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவர அனுமதி கிடைக்கவில்லை. தந்தையின் உடலோடு மகன் வந்து இறங்கினால் வாரிசுரிமைக் கிளர்ச்சி எழும் என்ற அச்சம் காரணம். உடல் லண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, கோல்டர்ஸ் கிரீன் மயானத்தில் எரியூட்டப்பட்டது. சிட்னிக்கு அப்போது பன்னிரண்டு வயதுகூட நிறையவில்லை.

ஆங்கில அரசு அரச குடும்பத்தின் வேறொரு கிளையிலிருந்து ஆறு வயதுச் சிறுவன் இராஜகோபாலத் தொண்டைமானைத் தேர்ந்தெடுத்தது. 1928 நவம்பர் 19இல் முடிசூட்டு நடந்தது. அவரே கடைசி மன்னர். 1948 மார்ச் 3இல் புதுக்கோட்டை இந்திய ஒன்றியத்தில் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. 1974 ஜனவரி 14இல் தனி மாவட்டமாயிற்று. தொண்டைமான்களின் புதிய அரண்மனையில் இப்போது மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இயங்குகிறது. திங்கட்கிழமைகளில் பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மனு எழுதிவந்தவர்கள் அந்தப் பெரிய வளைவுகளின் கீழ் காத்திருக்கிறார்கள்.

மோலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஐரோப்பிய உயர்வட்டத்தில் அழகிற்கும் உடைக்கும் பெயர்பெற்றவராக இருந்தார்; புகைப்படக் கலைஞர் செசில் பீட்டன் அவரைப் படமெடுத்திருக்கிறார். 1967 நவம்பரில் கானில் இறந்தார். சாம்பல் கோல்டர்ஸ் கிரீனில் கணவரின் சாம்பலுக்கு அருகில் வைக்கப்பட்டது. மகன் சிட்னி 1984இல் இறந்தார். எட்வர்டு டைக்கரும் கோரலி யங்கரும் இக்குடும்பத்தின் வரலாற்றை 1991இல் ஆங்கில நூலாக வெளியிட்டனர். இருவரும் சந்தித்த ஓட்டல் ஆஸ்திரேலியா 1970களின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டு அலுவலக அடுக்குமாடி எழுந்தது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் வெளிநாட்டார் தங்கும் இடங்கள் இப்போது உண்டு. கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் என்னும் நகரத்தார் வீடு மரபு ஓட்டலாக நடக்கிறது. பங்காளிகளுக்கென்று வளவைச் சுற்றிக் கட்டிய அறைகளில், இரவுக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்துத் தங்குகிறார்கள். செட்டிநாட்டுப் பக்கம் குளிர்காலத்தில் வரும் பயணிகளில் பிரெஞ்சுக்காரர்களும் இருக்கிறார்கள்.